காட்டுக் குடில் நடத்துபவர்களுக்கு: அந்த நடைக்குறிப்பை மாற்றி எழுதுங்கள்

வணக்கம்.

கடலுக்குப் பக்கத்துக் காடுகளில் மரக்குடில் கட்டி விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். எந்த நாட்டில் நடத்துகிறீர்கள், ஒரு குடிலா ஐம்பது குடிலா என்பது எனக்கு முக்கியமில்லை. 'வாசலிலிருந்தே காட்டிலும் கடலோரத்திலும் நடக்கலாம்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் இது உங்களுக்கும்தான்.

அந்த ஒரு வரியை நம்பித்தான் என்னைப் போன்றவர்கள் முன்பணம் கட்டுகிறோம். வந்து இறங்கியதும் மேஜைமேல் ஒரு கோப்பு இருக்கும். வெந்நீர்த் தொட்டியை எப்படி இயக்குவது என்பதற்கு அதில் நான்கு பக்கம். எந்தக் குப்பையை எந்த நிறத் தொட்டியில் போடுவது என்பதற்கு ஒரு பக்கம். அடுப்பு, வைஃபை, சாவி எல்லாம் விளக்கமாக இருக்கும். கடைசியில், நகலுக்கு நகல் எடுத்து மங்கிப்போன ஒரு வரைபடமும், அதன் அடியில் 'கடற்கரைக்கு அழகான நடை, 20 நிமிடம்' என்ற ஒற்றை வரியும் இருக்கும்.

யாருடைய கால்களுக்கு 20 நிமிடம்? போகவா, திரும்பவா? மழைக்குப் பிறகும் அதே 20 நிமிடம்தானா? போய்ச் சேரும்போது அங்கே கரை இருக்குமா, கடல் மட்டும் இருக்குமா?

நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இந்தப் பருவத்தில் அந்த வழியில் நடந்து பார்த்த ஒருவர் கையால் புதிதாக எழுதிவையுங்கள். வெந்நீர்த் தொட்டிக்குக் கொடுத்த அக்கறையில் பாதி போதும்.

முதலில் நேரக் கணக்கு. 1892-இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு எளிய கணக்குச் சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இன்றைய அளவில் சொன்னால் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாகப் பத்து நிமிடம். நல்ல உடல்வாகு உள்ளவர்கள் நிற்காமல் நடந்தால் ஆகிற நேரம் இது. கூழாங்கல் பொறுக்கும் பிள்ளைகளும், ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சுவாங்க நிற்கிற பெரியவர்களும் இந்தக் கணக்கில் இல்லை. ஆனாலும் இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு: தூரத்தோடு ஏற்றத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. உங்கள் தாள்கள் பார்ப்பதில்லை.

கடலோரம் என்றால் சமதளம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காட்டிலிருந்து கடலுக்கு ஓடும் ஒவ்வொரு ஓடையும் ஒரு பள்ளத்தை அறுத்துவைத்திருக்கும். கரையோரப் பாதை அந்தப் பள்ளம் ஒவ்வொன்றிலும் இறங்கி மறுபடி ஏறவேண்டும். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரப் பாதை 630 மைல் நீளம். அதன் மிக உயரமான இடமே 318 மீட்டர்தான். ஆனால் முழுப் பாதையையும் நடந்து முடிப்பவர் ஏறும் மொத்த உயரம் ஏறத்தாழ 35,000 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட நான்கு எவரெஸ்ட். ஆகவே 'கடலோரமாக 6 கிலோமீட்டர்' என்று மட்டும் எழுதினால் விருந்தாளிக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை மீட்டர் ஏற்றம், செங்குத்தான படிகள் எந்த இடத்தில் என்று சேர்த்து எழுதுங்கள். இன்னொன்று, உங்கள் குடில் மேட்டுக் காட்டில் இருக்கிறது, கடல் கீழே இருக்கிறது. அதனால் ஏற்றம் முழுவதும் திரும்பும் வழியில்தான் காத்திருக்கும், அதுவும் கால் ஓய்ந்த பிறகு. போக 20 என்றால் வர 40 என்று எழுதுவதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

அடுத்தது கடல் ஏறி இறங்குவது. இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் அடுத்த நாள் அதே ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். இப்போது உங்கள் விருந்தாளியை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வந்து சேர்கிறார். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடல் நன்றாக உள்வாங்கி, பாறை முனையைச் சுற்றி மணலிலேயே நடந்து அடுத்த குடாவுக்குப் போய்விட்டு வருகிறார். பிள்ளைகளுக்கு அந்த இடம் பிடித்துவிடுகிறது. ஊருக்குக் கிளம்புவதற்கு முன் வெள்ளிக்கிழமை இன்னொரு முறை போகலாம் என்று அதே பத்து மணிக்கு இறங்குகிறார். ஆனால் ஐந்து நாளில் நேரம் நான்கு மணிக்கும் மேல் நகர்ந்திருக்கும். ஞாயிறன்று வற்றிக் கிடந்த அதே இடத்தில் இப்போது கடல் உச்சத்துக்கு ஏறி இரண்டு மணி நேரம்தான் ஆகியிருக்கும், தண்ணீர் இன்னும் பெருமளவு நிறைந்தே கிடக்கும். 'காலையில் கடற்கரைக்குப் போவது நல்லது' என்று எழுதிவைத்த தாள் ஒரு நாள் உண்மை, ஐந்தாம் நாள் ஆபத்து.

ஏறும் வேகமும் ஒரே மாதிரி இருக்காது. படகோட்டிகள் பன்னிரண்டில் பங்கு போட்டு ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஏறும் ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, அப்புறம் மூன்று, மறுபடி மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. அதாவது நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் பாதிக் கடல் வந்துவிடும். வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் ஆறு மீட்டர் வித்தியாசம் உள்ள கரையில் அந்த இரண்டு மணி நேரத்தில் மூன்று மீட்டர். முதல் மணி நேரம் பார்த்துவிட்டு 'மெதுவாகத்தானே வருகிறது' என்று உட்கார்ந்திருப்பவர் இதில்தான் ஏமாறுகிறார். மணல் தட்டையாக இருந்தால் தண்ணீர் நேர் எதிரில் இருந்து வரவேண்டும் என்றும் இல்லை. பின்னால் இருக்கும் தாழ்வான வாய்க்கால் வழியாக வந்து முதலில் திரும்பும் வழியை மூடிவிடும்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் பின்னால் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். காற்றழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு மில்லிபாருக்கும் கடல் மட்டம் தோராயமாக ஒரு சென்டிமீட்டர் உயரும். கரை நோக்கிக் காற்று வீசினால் அதற்கும் மேல். கடலின் ஏற்ற, வற்ற நேரங்களைச் சொல்லும் அட்டவணையில் உள்ள உயரம் அமைதியான நாளுக்கானது என்பதை ஒரு வரி எழுதிவையுங்கள். சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள், சில அட்டவணைகள் அந்த மாற்றத்தைச் சேர்க்காமல் அச்சாகும். கோடையில் ஒரு மணி நேரம் கூட்டிப் பார்க்கவேண்டுமா இல்லையா என்பதையும் நீங்களே சொல்லிவிட்டால் நல்லது.

இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்பீர்கள். தெரியாது. மத்தியதரைக் கடலின் பெரும்பாலான கரைகளில் இந்த ஏற்ற இறக்கம் சில பத்து சென்டிமீட்டர்தான். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அது 16 மீட்டர் வரை போகும். முதல் வகைக் கடலைப் பார்த்து வளர்ந்தவர் இரண்டாவது வகைக் கரையில் துண்டை விரித்துப் படுத்தால் அது அவர் குற்றமில்லை. கடலையே பார்க்காத ஊர்களிலிருந்தும் உங்களிடம் வருகிறார்கள். கடலோரத்தில் பிழைக்கிறவர்களையும் அது விட்டுவைப்பதில்லை. இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் 2004 பிப்ரவரியில் இரவில் மட்டி பொறுக்கப் போன 20-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஏறிவந்த கடலில் சிக்கி இறந்தார்கள். அந்த மணல்வெளியைக் கடக்க இன்றும் வழிகாட்டியோடுதான் போகவேண்டும் என்பார்கள், அதற்கென்றே அரச நியமனம் பெற்ற வழிகாட்டி இருக்கிறார். நெதர்லாந்தில் வற்றிய கடலின் சேற்றில் நடந்து தீவுகளுக்குப் போவது ஒரு பெரிய பொழுதுபோக்கு, அதுவும் வழிகாட்டியோடுதான். கழிமுகத்துக்குப் பக்கத்தில் உங்கள் குடில் இருந்தால் சேறு, புதைமணல் எங்கே என்று வரைபடத்தில் சிவப்பாகக் குறித்துவிடுங்கள், அதற்கு வருணனை எதுவும் தேவையில்லை.

சரி, தாளில் என்ன வேண்டும்? விருந்தாளி தங்கும் வாரத்துக்கான ஏற்ற, வற்ற நேரங்கள். எந்த முனையைச் சுற்றி நடக்கலாம், அதுவும் வற்றத்துக்கு எத்தனை மணி முன்னும் பின்னும். கரையிலிருந்து மேலே ஏறித் தப்பிக்க எங்கெங்கே படியோ பாதையோ இருக்கிறது. எந்த இடத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

மேலே, செங்குத்துப் பாறை விளிம்பிலும் இதே கதைதான். கீழே கடல் குடைந்துகொண்டே இருக்கும், மேலே புல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நிற்பவருக்குத் தன் காலடியில் மண் இருக்கிறதா என்று தெரியாது. நல்ல மழைக்குப் பிறகு சரிவு அதிகம், ஆனால் வெயில் நாளிலும் பாறை விழும். விளிம்பை ஒட்டி நிற்கவேண்டாம் என்று மட்டும் எழுதுகிறீர்கள், பாறையின் அடியில் உட்கார்ந்து சாப்பிடவேண்டாம் என்பதையும் சேர்க்கவேண்டும். காற்றுக்கு மறைவான இடம் என்று எல்லாரும் போய் உட்காருவது அங்கேதான்.

மங்கிய வரைபடம் ஏன் ஆகாது என்பதற்கும் இதுவே காரணம். கரை அரித்துப் பின்வாங்கினால் பாதையும் பின்வாங்கும். இங்கிலாந்தில் கடலோரப் பாதைக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு இடம் வைத்திருக்கிறது. பழைய நகலில் கோடு போட்டிருக்கும் இடத்தில் இன்று காற்றுதான் இருக்கலாம்.

இந்தப் பாதைகள் ஏன் இவ்வளவு விளிம்பை ஒட்டிப் போகின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? பல இடங்களில் அவை நடந்து மகிழப் போட்டவை அல்ல. தென்மேற்கு இங்கிலாந்தில் கள்ளக்கடத்தலைப் பிடிக்கக் கடலோரக் காவலர்கள் ரோந்து போன தடம் அது. ஒவ்வொரு குடாவுக்குள்ளும் எட்டிப் பார்க்கவேண்டியிருந்ததால் குறுக்கு வழி எடுக்காமல் கரையின் ஒவ்வொரு மடிப்போடும் போனார்கள். பிரான்சின் பிரிட்டனி கரையைச் சுற்றும் நீண்ட பாதையும் சுங்கக் காவலர்களின் பழைய தடம்தான், அங்கே இன்னும் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஜப்பானின் வடகிழக்குக் கரையில் 2011 ஆழிப்பேரலைக்குப் பிறகு, அடிபட்ட ஊர்களை இணைத்துச் சுமார் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு நடைப்பாதை அமைத்து 2019-இல் முழுவதுமாகத் திறந்தார்கள். உங்கள் பகுதிப் பாதைக்கும் ஏதாவது ஒரு கதை இருக்கும். அதையும் இரண்டு வரி எழுதுங்களேன். ஆபத்தை மட்டும் அடுக்கினால் யாரும் வெளியே இறங்கமாட்டார்கள், அது என் நோக்கமும் இல்லை.

காட்டுக்கு வருவோம். காட்டில் தொலைவது கடலோரத்தில் தொலைவதைவிட எளிது. கரையில் ஒரு பக்கம் எப்போதும் கடல் இருக்கும், காட்டில் நான்கு பக்கமும் மரம்தான். மரத்துக்காக வளர்க்கும் காடாக இருந்தால், வெட்டும் வண்டிகள் போட்ட தடம் உண்மையான பாதையைவிட அகலமாகவும் தெளிவாகவும் இருக்கும், போய்ப் பார்த்தால் வெட்டிப்போட்ட மரக்குவியலில் முடியும். எந்த நிற அடையாளத்தைப் பின்தொடரவேண்டும், எந்தப் பிரிவில் எல்லாரும் தவறாகத் திரும்புகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஏனென்றால் திரும்பி வந்து உங்களிடம்தான் புலம்புகிறார்கள். அந்தப் புலம்பலை அப்படியே தாளில் ஏற்றுங்கள். வெட்டு நடக்கும் பகுதி எது, எதுவரை என்பதையும்.

மரங்களுக்கு அடியில் இருட்டு சீக்கிரம் வரும். சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்துத் திரும்புகிறவர் கடற்கரையில் வெளிச்சமாக இருக்கும்போதே கிளம்பி, கடைசி ஒரு கிலோமீட்டரைத் தடவிக்கொண்டு வருவார். குடிலில் ஒயின் கோப்பைகள் ஆறு வைக்கிறீர்கள், தலையில் மாட்டும் டார்ச் இரண்டு வையுங்கள்.

உண்ணி பற்றி எழுதினால் ஆட்கள் பயந்துவிடுவார்கள் என்று ஒரு குடில்காரர் என்னிடம் சொன்னார். பயப்படட்டும், கொஞ்சம். பெரணியும் உயரப் புல்லும் மானும் உள்ள காடுகளில் உண்ணி இருக்கும், சில பகுதிகளில் அது லைம் நோய் என்ற கிருமித் தொற்றைத் தரும். கிருமி உடலுக்குள் போகப் பெரும்பாலும் உண்ணி பல மணி நேரம் ஒட்டிக்கொண்டிருக்கவேண்டும் என்பதால், மாலையில் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், பிள்ளைகளுக்குத் தலைமுடி ஓரம் என்று பார்த்து எடுத்துவிட்டால் பயம் பெருமளவு தீர்ந்தது. நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். நெருப்பு, எண்ணெய் வைத்தியம் வேண்டாம். பிறகு வரும் வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவந்து பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பார்க்கவேண்டும். ஓர் இடுக்கியை முதலுதவிப் பெட்டியில் போட்டுவிட்டு இந்த நான்கு வரியை எழுதினால் யாரும் முன்பதிவை ரத்து செய்யமாட்டார்கள்.

காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் பெரும்பாலும் யாருடைய வயலோ மேய்ச்சல் நிலமோ இருக்கும். அங்கே நடக்க யாருக்கு உரிமை என்பது நாட்டுக்கு நாடு வேறு. சுவீடனில் வீட்டு முற்றத்தையும் பயிரையும் விட்டுவிட்டு யார் நிலத்திலும் நடக்கலாம். ஸ்காட்லாந்தில் 2003-இல் வந்த சட்டம் கிட்டத்தட்ட அதே உரிமையைப் பொறுப்போடு பயன்படுத்தச் சொல்லிக் கொடுக்கிறது. இங்கிலாந்தில் அப்படி இல்லை, குறித்த பொதுப்பாதைகளும் சட்டம் திறந்துவிட்ட நிலங்களும் மட்டும். இன்னும் பல நாடுகளில் உரிமையாளர் அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. ஒரு நாட்டில் பழகியவர் இன்னொரு நாட்டில் வேலி தாண்டிவிட்டுத் திட்டு வாங்குவது உங்கள் ஒரு வரியால் தடுக்கக்கூடியது.

மாடு மேயும் நிலத்தில் கன்று இருந்தால் சுற்றிப் போங்கள் என்று எழுதுங்கள். நாயோடு போனால் கயிற்றில் பிடித்திருக்கவேண்டும், ஆனால் மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடவேண்டும். மாடு நாயைத்தான் குறிவைக்கும், நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும், பிடித்துக்கொண்டிருக்கும் மனிதர்தான் மாட்டிக்கொள்வார். பலருக்கு இது தெரிவதில்லை. கரையில் ஆலா, உப்புக்கொத்தி போன்ற பறவைகள் கூழாங்கல்லுக்கு நடுவே வெறும் பள்ளத்தில் முட்டையிடும். முட்டையும் கல் போலவே இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். அந்த மாதங்களில் எந்தக் கரையை விட்டுவிடவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். 'நாய்களுக்கு நல்வரவு' என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதை எழுதாமல் இருப்பது எனக்குக் கோபம் வரவைக்கிறது.

அப்புறம், எல்லா நடையும் திடகாத்திரமானவர்களுக்கே எழுதப்பட்டிருக்கிறது. என் அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர் கேட்பது பத்து நிமிடம் போய், உட்கார ஓர் இடம், அங்கிருந்து கடல் கொஞ்சம் தெரிந்தால் போதும். நீங்கள் தேடினால் அப்படி ஒரு வழி உங்கள் குடிலுக்குப் பக்கத்தில் கட்டாயம் இருக்கும். தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் எதுவரை போகும், வாயிற்கதவின் அகலம் எவ்வளவு, ஏறித் தாண்டவேண்டிய வேலிப்படி வழியில் இருக்கிறதா, சரளையா மண்ணா என்று அளந்து எழுதுங்கள். 'எல்லாருக்கும் ஏற்றது' என்று மட்டும் எழுதாதீர்கள், அந்த வாக்கியத்தை நம்பிப் போய்ப் பாதி வழியில் திரும்பியவர்கள் நிறையப் பேர். மழை நாளுக்கும் ஒரு நடை சொல்லுங்கள். தூறலில் மரங்களுக்கு அடியில் நடப்பது சுகம். பலத்த காற்றில் அதே காடு ஆகாது, கிளை முறிந்து விழும். அன்றைக்கு விளிம்புப் பாதையும் ஆகாது. அப்படிப்பட்ட நாளில் போக ஒரு மூன்றாவது இடம் வேண்டும், அது உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் பக்கத்திலிருந்து வரும் பதில்களையும் கேட்டிருக்கிறேன். கைபேசியில் எல்லாம் இருக்கிறதே என்பது ஒன்று. அதே கோப்பின் இரண்டாம் பக்கத்தில் 'இங்கே சிக்னல் கிடைப்பது கடினம், அதுவே இதன் அழகு' என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அவசர எண், குடில் இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, சிக்னல் கிடைக்கும் மிக அருகிலான மேடு, இவை கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கட்டும். 112 பல நாடுகளில் வேலை செய்யும், கடலோர மீட்புக்கு அங்கே யாரைக் கேட்கவேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். போகும்போது எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதிவைத்துவிட்டுப் போக ஒரு சிலேட்டும் சாக்கட்டியும் போதும்.

இன்னொன்று, எழுதிவைத்தால் நாளைக்கு ஏதாவது நடந்தால் எங்கள்மேல் பழி வருமே என்பது. வழக்கறிஞர் என்ன சொல்வார் என்பதை நீங்கள் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் '20 நிமிடம், அழகான நடை' என்பதும் நீங்கள் எழுதிவைத்ததுதான். ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள், சரியாகச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தாளின் மேல் மூலையில் எந்த மாதம், எந்த ஆண்டு நடந்து பார்த்து எழுதியது என்று போடுங்கள். அடியில் பாதிப் பக்கம் காலியாக விட்டு, ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். மூன்றாவது வாயிற்கதவு உடைந்திருக்கிறது, ஓடைப் பலகை வழுக்குகிறது, கீழ்ப்படிகள் அலையில் போய்விட்டன என்று போய்வந்தவர்களே தேதி போட்டு எழுதுவார்கள். அடுத்த முறை வரும்போது நானும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் குடில்களில் தங்கி நடக்கும் ஒருவர்